காலையானால் காணாமல் போகும் பிரிண்டர்

மூன்று வாரமாக எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் நானும் எலியும் பூனையுமாக இருக்கிறோம். மத்தியானம் உட்கார்ந்து கம்ப்யூட்டரின் பட்டியலில் பிரிண்டரைச் சேர்ப்பேன். சோதனைத் தாள் ஒன்றை ஒழுங்காக அடித்து வெளியே தள்ளும். திரைக்குப் பின்னணியாக ஊதாப்பூப் படத்தையும் போட்டுவிட்டு அணைப்பேன். மறுநாள் காலையில் காப்பியோடு வந்து போட்டால் பூவும் இல்லை, பிரிண்டரும் இல்லை. அதே பழைய சாம்பல் திரை.

ஒரு தடவை என்றால் சனியன் என்று விட்டுவிடலாம். ஒன்பது தடவை! நேற்று நிஜமாகவே சேர்த்தேனா, சேர்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று எனக்கே குழம்பிவிட்டது. சோதனைத் தாள்கள் மேஜை முழுக்கக் கிடக்கின்றன. அந்தப் பாழாய்ப்போன தாள்களில் தேதி இல்லை. எது நேற்றையது, எது போன மாதத்தது, யாருக்குத் தெரியும்?

சிரிக்காதீர்கள். என் அக்கா மார்ஜரிக்கு அறுபத்தோரு வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்வாள். போய்ப் பார்த்தால் எரிந்துகொண்டிருக்கும். இப்போது ஃபிண்ட்லேயில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான் போனால் நர்ஸ் என்று நினைத்துத் தண்ணீர் கேட்கிறாள். வருகிற ஜூனில் எனக்கு அறுபத்தொன்று.

என் புருஷன் வெர்லினுக்கோ எல்லாம் விளையாட்டு.

"மறுபடியும் போச்சா? நீ சேர்த்திருந்தாத்தானே இருக்கும்? கார் சாவியை ஃப்ரிட்ஜுல வச்சவதானே நீ!"

"அது ஒரே ஒரு தடவை! அன்னிக்கு என் கையில நாலு பை இருந்துது!"

ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் வண்டிகளுக்கு வழிவிட்டவன். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே சட்டம் போட்டான். கம்ப்யூட்டர் தன் அமைப்புகளை வைத்திருக்கும் எந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன்னாலும் அதற்கு ஒரு பிரதி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். செய்ததை மானிட்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். நான் அந்த நோட்டைப் புரட்டியதுகூட இல்லை. ஆனால் அவன் சட்டம் பிப்ரவரியில் என்னைக் காப்பாற்றியது உண்மை. நான் ஒரு சீட்டாட்டத்தை ஏற்றப்போய், விண்டோஸே எழுந்திருக்கவில்லை. நான் தயாரித்துக் கொடுக்கும் மாதா கோவில் செய்தித்தாள் முழுக்க உள்ளே இருந்தது. ஓவென்று அழுதேன். அவன்தான் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தான்.

நேற்று சனிக்கிழமை. எங்கள் கம்ப்யூட்டர் சங்கம் நூலகத்தில் கூடியது. முடிந்ததும் நடீனைக் கையோடு வீட்டுக்கு இழுத்துவந்தேன். சங்கத்திலேயே விஷயம் தெரிந்தவள் அவள்தான்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் பண்றதை உன் கண்ணால பாரு, அது போதும்," என்றேன்.

பிரிண்டரைச் சேர்த்தேன். தாள் வந்தது. அணைத்தேன். மறுபடி போட்டேன். பிரிண்டர் இல்லை.

"அடிப் பாவி! இப்பத்தானே இருந்துது!" என்றாள் நடீன்.

"நீயும் பாத்தியா? சத்தியமா பாத்தியா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் படிக்கும் கட்டளைக் கோப்பைத் திறந்து பார்த்தாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"இதான் திருடன். மிஷினைப் போடுறப்பல்லாம், எடுத்து வச்ச பழைய பிரதியைக் கொண்டாந்து புதுசு மேல கொட்டுது. நீ எதைச் சேர்த்தாலும் அடுத்த தடவை போடுறப்ப அழிஞ்சிரும். உனக்கு ஒண்ணும் இல்லடி, லொரெய்ன்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான் மார்ஜரி இல்லை! பிறகு கோபம் வந்தது.

"வெர்லின்! இங்க வா!"

கராஜிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னைப் பைத்தியம் ஆக்கணும்னே பண்ணியா? மூணு வாரமா நான் செத்துக்கிட்டிருக்கேன்!"

குனிந்து அந்த வரியைப் படித்தான். "இதை எவன் போட்டான்? முட்டாள்தனமால்ல இருக்கு. நான் தொடவே இல்ல. பண்ணியிருந்தா நோட்டுல இருக்குமே."

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். விளையாடும்போது அவனுக்கு இடது புருவம் ஏறும். இப்போது ஏறவில்லை.

நடீன் நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, என் பக்கம் தள்ளினாள். மார்ச் ஒன்பது. அவனுடைய பச்சை மை, அவனுடைய சாய்ந்த எழுத்து. 'போடும்போதெல்லாம் நல்ல பிரதி தானாக வந்து உட்காரும்படி ஒரு வரி சேர்த்தாயிற்று. இனி பிப்ரவரி போல அழுகை வேண்டாம். லொரெய்னிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.' கடைசி வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு.

வெர்லின் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். திரும்பவும் முதலிலிருந்து படித்தான்.

"இது யாரு எழுதுனது?" என்று கேட்டான்.

நடீன் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வாரமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. நோட்டை மூடினேன்.

"நான்தான். எழுதி வச்சிட்டு மறந்துட்டேன் போல."

அவன் முகம் தெளிந்தது. "பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினான். "போகட்டும் விடு. இனிமே உனக்கும் சேர்த்து நானே ஞாபகம் வச்சுக்கறேன்."