வடக்கு மலைக் கம்பம்

ஹெப்ரிடீஸ் தீவுகளில் எங்களுடையது கடைக்கோடி. இணையம் மலைமேல் நிற்கும் இரண்டு சிக்னல் கம்பங்கள் வழியாக வருகிறது. ஒன்று செத்தால் மற்றது தானாகச் சுமந்துகொள்ளும். அவற்றைக் கவனிப்பது என் பொறுப்பு, ஊர்க்கூட்டத்தில் நானே கைதூக்கி வாங்கியது. ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும் நேரம். காற்றடிக்கும்போதெல்லாம் வடக்குக் கம்பத்தின் அபாய மணி என் கைபேசியில் அலறி, கிடைத்த கொஞ்சத் தூக்கத்தையும் கெடுத்தது. மணியை அடக்கினேன். மறுபடி போட மறந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அக்டோபர் புயலில், காலை பத்து மணிக்கு, தெற்குக் கம்பத்தின் கருவி செத்தது. அந்நேரம் என் மகள் எய்லிக்குப் பிரசவ வலி. பிள்ளை கால்பக்கமாக வந்துகொண்டிருந்தது. படகு இல்லை, ஹெலிகாப்டரும் பறக்காது. இன்வர்னெஸ் நகர ஆஸ்பத்திரி டாக்டர் திரையில் சொல்லச் சொல்ல, நர்ஸ் உனா செய்துகொண்டிருந்தாள். திரை உறைந்துவிட்டது.

வாக்கி-டாக்கியில் அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முர்டோ, வடக்கு தானா எடுத்துக்கும்னு பெருமை பேசுவியே. எங்க எடுக்குது?"

"போய்ப் பாக்குறேன்."

"பாக்குறதுக்கு நேரமில்ல. சரி பண்ணு."

நாலு சக்கர பைக்கில் மலையேறிப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரி உப்பிக் கிடந்தது. மாதக்கணக்காகச் செத்திருக்கிறது, மணியை நான் அடக்கியதாலும் தெற்கு சுமந்ததாலும் ஒருவருக்கும் தெரியவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. பைக்கின் பேட்டரியைப் பிடுங்கி, விறைத்த விரல்களால் இணைத்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் சிக்னல் வாங்கும் தட்டு காற்றில் திரும்பியிருந்தது, அதை இறுக்கும் திருகும் உடைந்திருந்தது. தட்டைக் கட்டிப்பிடித்துத் திருப்பினேன்.

"டாக்டர் திரையில வந்துட்டார். அசையாத."

"எய்லி எப்படி..."

"அசையாதன்னேன்ல."

ஒரு மணி நேரம் பிடித்திருந்தேன். கை மரத்தது. கடவுளிடம் என்னென்னவோ கேட்டேன்.

"விட்டுடு முர்டோ. கீழ வா."

"எய்லி?"

"நல்லா இருக்கா."

"பிள்ள?"

"பொண்ணு. மூச்சு வரல. லைன் இல்லாத அந்த நாப்பது நிமிஷம்னு டாக்டர் ஏதோ ஆரம்பிச்சார், நிறுத்திட்டார். லைன் ஏன் போச்சுன்னு எய்லி கேட்டா. புயல்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

பைக் கிளம்பாது. நடந்தே இறங்கினேன். வாசலில் உனா என் சட்டையைப் பிடித்துத் தடுத்தாள். விலக்கிவிட்டு உள்ளே போய், மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புயல் இல்லம்மா. நான்தான்."