சிரிப்புக்கு விட்ட இடைவெளி

என் கணவர் கிறகரி எந்த வசனத்தைச் சொல்லி முடித்தாலும் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இவருக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று பயப்படுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மனிதர் சிரிப்புக்கு இடம் விடுகிறார்.

பிழை அவருடையது அல்ல, அமெரிக்கத் தொலைக்காட்சியுடையது. எண்பதுகளின் கடைசியில் அகதியாக மொன்றியலுக்கு வந்து, லாசாலில் ஒரு மாடிக் குடியிருப்பில் நாலைந்து பெடியன்களோடு இருந்த காலத்தில், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஒரு சனலில் பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் போடுவார்களாம். எல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில் எடுத்தவை. தாடை வரை கிருதா வைத்த ஒருவர், வெல்வெற் கோட்டும் கழுத்தில் வௌவால் அளவு போ டையும் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்து பகிடி சொல்வார். பின்னால் பாண்ட் வாத்தியக்காரர். பிறகு ஒரு குட்டி நாடகம், ஒரு பாட்டுக்காரி, மறுபடியும் பகிடி. ஒவ்வொரு பகிடிக்கும் கண்ணுக்குத் தெரியாத சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கிறகரி இங்கிலிசு படித்த பள்ளிக்கூடம் அதுதான். வசனம், சிரிப்பு, வசனம், சிரிப்பு. அந்த மொழியையே அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துவிட்டார். நாளடைவில் அது தமிழுக்கும் தொற்றிவிட்டது.

அகதி விசாரணையிலும் இதே கூத்துத்தான். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு இவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்து, சொல்ல முடியாத துயரம் என்று நினைத்து, அதிகாரி அன்றைக்கே ஏற்றுக்கொண்டுவிட்டார். "அதுதான் நான் செய்த முதல் ஷோ" என்று இப்போதும் சொல்லுவார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

நான் சிரிப்பதில்லை. கலியாணம் முடிந்த புதிதிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். "இஞ்சாருங்கோ, அந்த இடைவெளி எனக்கு விட்டதில்லை. ரீவீப் பெட்டிக்குள்ளை இருக்கிற சனத்துக்கு விட்டது. அவையே சிரிக்கட்டும்."

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் காலம் முழுக்கப் பெட்டி அடுக்கிய மனிதருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு மண்டபம் நிறைந்த சனம் தன் பகிடிக்குச் சிரிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை என்றாலும் போதும். ஆனால் எங்கள் கோயில் பங்கில் அவருக்குக் கிடைத்த மேடை என்னவென்றால், ஒவ்வொரு நத்தார் ஒளி விழாவிலும் மைக்கைப் பிடித்து, வாசலை மறித்து நிறுத்திய காரை எடுக்கச் சொல்வது. கார் இலக்கத்தைச் சொல்லிவிட்டும் காத்திருப்பார். பாவம், யாரோ ஒருவர் கார் திறப்பைத் தேடிக்கொண்டு எழும்புவதுதான் மிச்சம்.

போன ஒக்டோபரில் ஃபாதர் கூட்டம் கூட்டினார். சாப்பிடப் பற்றிஸ் கொடுத்து முடிந்ததும் பாதி மண்டபம் காலியாகிவிடுகிறது, பிள்ளைகள் வருவதே இல்லை, இந்த முறை ஒளி விழாவை எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். கிறகரி எழும்பினார்.

"ஒரு வறைட்டி ஷோ செய்வம் ஃபாதர். பழைய அமெரிக்கன் ஸ்ரைலிலை. நான் நடத்திறன்."

விழாக் குழுத் தலைவர் அருமைராசா கண்ணாடியைக் கழற்றினார். அவர் என் அக்கா றெஜினாவின் கணவர், எனக்கு அத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ ஒருவருக்குக் கூடாத காலம் என்று பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

"கிறகரி, நீர் பகிடி விட்டு ஒருத்தரும் சிரிக்கேல்லை எண்டால்?"

"சிரிப்பினம் அண்ணை."

"சிரிக்கேல்லை எண்டால்?"

"இனி மைக்கைத் தொடமாட்டன். காருக்கும் தொடமாட்டன்."

"ஃபாதருக்கு முன்னாலை சொல்லியிருக்கிறீர்" என்றார் அத்தான். "என்ரை தலைமையுரை வழமைபோலை இருக்கும்."

இந்த மனிதரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? பகிடிக்குச் சிரிக்காதவள்தான் நான், ஆனால் என் புருசனின் பகிடிக்குச் சபையில் வேறு யாரும் சிரிக்காமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது.

சிரிக்கவும் மாட்டார்கள். எங்கள் சனத்தின் முறை அப்படி. மண்டபத்தில் யாராவது பகிடி சொன்னால் எல்லாரும் முதலில் ஃபாதரைப் பார்ப்பார்கள். ஃபாதர் புதிதாக வந்தவர், அவர் அத்தானைப் பார்ப்பார். அத்தான் மணிக்கூட்டைப் பார்ப்பார். அதோடு பகிடி செத்துவிடும்.

அக்கா இருந்தபோது இப்படி இல்லை. அவளுடைய சிரிப்பு பங்கு முழுக்கப் பிரசித்தம். முதலில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு மூச்சை உள்ளே இழுப்பாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியாது. அதிலும் அத்தான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஏதாவது முக்கியமாகச் சொன்னால்தான் அவளுக்குக் கூடுதலாக வரும். "நாளைக்கு ரெண்டு கோட்டுப் போடோணும்" என்று அவர் பிரகடனம் செய்வார், விக்கல் கேட்கும். "இதிலை சிரிக்க என்ன கிடக்கு?" என்று அவர் சினப்பார். அதைக் கேட்டு அவள் இன்னும் சிரிப்பாள். மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு மாரிகாலத்தில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அத்தானைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் துணிவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில் தனக்குப் பக்கத்துக் கதிரையில் தன் குளிர்கோட்டைப் போட்டு வைப்பார். அதில் வேறு ஒருவரும் இருக்க முடியாது.

கிறகரி தீர்வு கண்டுபிடித்தார். "அமெரிக்கன் என்ன செய்தவன்? சனம் சிரிக்காட்டி சிரிப்பைப் பெட்டியிலை அடைச்சு வைச்சுப் போட்டவன். நாங்களும் போடுவம். முன்னுக்கு ஒருத்தர் சிரிச்சால் பின்னாலை எல்லாரும் சிரிப்பினம்."

அவருடைய களஞ்சியத்தின் மேல்மாடி அலுவலகத்தில் ஹர்ஷினி என்று ஒரு சென்னைப் பெண் கணினி வேலை செய்கிறாள். ஒலி, ஒளி என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். அவள் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய அமெரிக்கச் சிரிப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

"இது வெள்ளைக்காரச் சிரிப்பெல்லோ" என்றேன் நான். "எங்கடை மண்டபத்திலை இது கேட்டால், ஆர் புதுசா வந்திருக்கினம் எண்டு சனம் திரும்பிப் பார்க்கும்."

"ஆன்ட்டி சொல்றது கரெக்ட் அங்கிள். நம்ம ஆளுங்க சிரிப்பு வேணும். பழைய வீடியோ ஏதாச்சும் இருக்கா?"

வீடியோ இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? கலியாணம், முதல் நன்மை, பிறந்தநாள் என்று முப்பது வருசக் கொண்டாட்டம் ஒரு பெட்டி நிறைய எங்கள் நிலவறையில் கிடந்தது. கிறகரி அதை அப்படியே அவளிடம் தூக்கிக் கொடுத்தார். ஒரு சிரிப்பு என்றால் வெறும் சிரிப்புத்தானே, அதில் பெயர் எழுதியிருக்குமா என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். முப்பது வருசம் ஒரே பங்கில் ஒன்றாகப் பூசை கண்ட சனத்துக்கு, இருட்டில் இருமினாலே ஆள் யாரென்று தெரியும் என்பதை மறந்துவிட்டோம்.

விழாவன்று மாலைதான் ஹர்ஷினி வேலையை முடித்துக்கொண்டு வந்தாள். "ஒரு லேடி சிரிப்பு மாட்டிச்சு அங்கிள், செம்மையா இருக்கு. அதையேதான் முன்னாடி வச்சிருக்கேன்" என்றாளாம். கிறகரிக்கு அதைக் கேட்டுப்பார்க்க நேரமில்லை. பழைய துணிக்கடையில் வாங்கிய வெல்வெற் கோட்டு வயிற்றில் பூட்டவில்லை. நான் பின்னூசி குத்திக்கொண்டிருந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. இலவசமாகப் பற்றிஸ் கிடைத்த பிறகும் சனம் போகாமல் இருந்தது, கோட்டைப் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். என் மகள் ஜெயனியின் சிநேகிதர்கள் இரண்டு பேர் பாண்ட் வாசிக்க, கிறகரி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். நான் பின்வரிசையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"நான் மொன்றியலுக்கு வரேக்கை எனக்குத் தெரிஞ்ச ஒரே பிரெஞ்சுச் சொல்லு, நன்றிக்கு மெர்சி" என்று தொடங்கினார். "பல்லுப் பிடுங்கினவனுக்கும் மெர்சி. தண்டம் எழுதின பொலிசுக்காரனுக்கும் மெர்சி. மாட்டன் எண்டு சொல்லுறதுக்கு என்ன சொல்லு எண்டு படிக்க முந்தி, எனக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுது."

காத்திருந்தார். சனம் ஃபாதரைப் பார்த்தது. ஃபாதர் அத்தானைப் பார்த்தார். ஹர்ஷினி பொத்தானை அழுத்தினாள்.

ஒரு விக்கல். மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்து என் அக்கா சிரித்தாள்.

மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் முன்வரிசைக்குத் திரும்பியது, அந்தக் கதிரைக்கு. கதிரையில் கோட்டு இருந்தது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். கிறகரி வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த இடைவெளியில் எதை எதிர்பார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

ஹர்ஷினிக்கு எதுவும் விளங்கவில்லை. சத்தம் போதாமல்தான் சனம் சிரிக்கவில்லை என்று நினைத்து, கூட்டிவைத்து இன்னொரு தடவை அழுத்தினாள். அக்கா மறுபடியும் சிரித்தாள், இன்னும் பெரிதாக.

அத்தான் எழும்பினார்.

முடிந்தது என்று நினைத்தேன். மைக்கும் போயிற்று, சொந்தமும் போயிற்று. அவர் ஒவ்வொரு படியாக மேடையில் ஏறி, கிறகரியின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கிறகரி ஒதுங்கி நின்றார். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"இதிலை சிரிக்க என்ன கிடக்கு?" என்றார்.

அவர் வேறு ஒருவரோடும் கதைக்கவில்லை. அவளோடுதான் கதைத்தார். ஆனால் வசனத்துக்குப் பிறகு சனம் அமைதியாக இருந்தால் அழுத்த வேண்டும் என்பதுதான் ஹர்ஷினிக்குக் கொடுத்த வேலை. அவள் அழுத்தினாள்.

விக்கல் வந்தது. அக்கா சிரித்தாள், வீட்டில் எப்படிச் சிரிப்பாளோ அப்படியே, எந்த இடத்தில் சிரிப்பாளோ அதே இடத்தில். மண்டபம் ஒரு கணம் தாங்கிப் பார்த்தது, பிறகு உடைந்துவிட்டது. சனம் கண்ணீர் வடிய வடியச் சிரித்தது. ஃபாதர் யாரையும் பார்க்காமல் சிரித்தார். அத்தான் சட்டைப் பையிலிருந்து தலைமையுரையை எடுத்தார்.

"பெருமதிப்புக்குரிய ஃபாதர் அவர்களே" என்று வாசித்துவிட்டு, ஹர்ஷினியின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அவள் அழுத்தினாள். "பங்குமக்களே." மறுபடி அழுத்தினாள். வருசா வருசம் நித்திரை வரவைத்த அந்த உரையை, அன்றைக்கு ஒவ்வொரு வரியாக, இடைவெளி விட்டு விட்டு, கடைசிவரை வாசித்தார். இன்னும் வாசிக்கச் சொல்லிச் சனம் கைதட்டியது. கிறகரி ஓரத்தில் ஒரு கையால் கோட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பின்னூசி கழன்றுவிட்டது.

விழா முடிந்து மேசைகளை மடக்கும்போது அத்தான் எங்களிடம் வந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றார் கிறகரி. "எனக்குத் தெரியாது."

"அடுத்த வருசமும் நீர்தான் செய்யிறீர்" என்றார் அத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லி அதை என்ரை ஃபோனிலை போட்டுத் தரேலுமோ?" என்று கேட்டார். போகும்போது கதிரையிலிருந்த கோட்டை எடுத்து, போட்டுக்கொள்ளாமல், கையிலேயே கொண்டுபோனார்.

அஹுன்ட்சிக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பினோம். பனி விழுந்துகொண்டிருந்தது. கிறகரி கண்ணாடித் துடைப்பானைப் போட்டார்.

"சனம் சிரிச்சது, என்ன?" என்றார்.

"ஓம்."

"எனக்கு இல்லை."

எனக்கு மனம் பொறுக்கவில்லை. "அந்தப் பிரெஞ்சுப் பகிடியைச் சொல்லுங்கோ. நான் பின்னுக்கு இருந்ததிலை வடிவாக் கேக்கேல்லை" என்றேன். அது பொய்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முழுவதையும் சொன்னார். பல்லுப் பிடுங்கினவன், பொலிசுக்காரன், கலியாணம். சொல்லிவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தார். அவருக்காக ஒரு சிரிப்புச் சிரித்துவிடுவோம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் எனக்குள்ளிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு மூச்சு தானாக உள்ளே போனது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. இத்தனை வருசமாக என்னிடமும் அது இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது.

கிறகரி காரை ஓரமாக நிறுத்தினார். நான் சிரித்து முடிக்கும்வரை முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் பிந்திப்போச்சு, றோஸ்மேரி" என்றார். "திரும்பச் சொல்லுறன். நேரத்துக்குச் சிரியும்."