ஞானேஸ்வரியின் முடியாத லீவு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் படுக்கையில் கிடந்த தகப்பனுக்கு ஞானேஸ்வரி கஞ்சி பருக்கிய இரண்டரை வருடமும், கண்டியில் அவள் ஒரு நாள்கூடக் கந்தோருக்கு வராமல் இருந்ததில்லை. அம்பிட்டிய வீதியில் அவள் வேலை பார்த்த தேயிலைக் கம்பனியில் இதைப் பெரிய புதினமாக யாரும் பேசுவதில்லை. கொம்பியூட்டர் பிழை என்றால் எல்லாருக்கும் விளங்கியது.

2006 ஆகஸ்டில் தொடங்கியது. தனியாக இருந்த தகப்பனுக்குப் பாரிசவாதம் என்று ஞானேஸ்வரி ஒரு கிழமை லீவு கேட்டாள், கொம்பியூட்டரும் அனுமதித்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடவில்லை. சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். முன்பென்றால் தலைமைக் கிளாக்கர் லீவை வெட்டிவிடுவார், அவள் வேலையைப் பார்ப்பாள். புது மென்பொருளில் அதற்கு வழியில்லை. லீவு கிடைத்தவள் போக வழியின்றி வேலைக்கு வரும் நாட்டை, பாவம், அதைச் செய்தவன் எங்கே கண்டான்! வாசலில் விரல் வைக்கும் மெஷின் அவளை "லீவில் இருக்கிறார்" என்றது. கிழமை முடிந்தும் அதையே சொன்னது. திரும்பி வந்ததாகப் பதியாதவளுக்கு லீவு முடிவதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பேரின் பசி எடுத்தது. செருப்பில் கோண்டாவில் செம்மண் ஒட்டியிருந்தது. மார்கழியில் கப்பலேறி வந்த, அப்பாவின் அயல்வீட்டுச் சரோஜினிதேவி அவளைக் கண்டதும் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"நான் வெளிக்கிடேக்க நீ அப்பாவுக்கு முகம் கழுவிக்கொண்டு நிண்டனி. எனக்கு முதல் எப்பிடியடி இஞ்ச வந்தனி?"

ஞானேஸ்வரி அழுதாள். பயத்தில் அல்ல, தகப்பன் தனித்துக் கிடக்கவில்லை என்ற ஆறுதலில்.

மறு வருடம் பிழை திருத்தக் கொழும்பிலிருந்து ஓர் இளம் எஞ்சினியர் வந்தார். லீவு முடிந்தும் திரும்பாதவர்களை வேலையிலிருந்து நீக்கும்படி தலைமைக் கந்தோர் சொல்லியிருந்தது. திருத்தினால் அவளுக்கு வேலை நிலைக்கும், தகப்பனுக்குக் கஞ்சி கொடுக்க ஆளிருக்காது. வரவுப் பதிவு பார்க்கும் ஹலீம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"கெடக்கட்டும் தம்பி," என்றார் ஹலீம். "அவங்க வாப்பாவுக்குச் சொகமில்ல. மாசா மாசம் நானே லீவப் புதுசாப் போட்டுடுறேன்."

எஞ்சினியர் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். அதன்பின் காலையில் எல்லாரும் அவளிடம் அப்பாவின் சுகம் விசாரித்தார்கள். அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பாள், இல்லாவிட்டால் இரவு முழுக்க இருமினார் என்பாள்.

2009 தை மாதத்தில் ஒருநாள் வழக்கம்போல விரலை வைத்தாள். மெஷின் "வேலைக்குத் திரும்பினார்" என்றது. அதன் கண்ணாடியில் ஒரு பச்சரிசி ஒட்டியிருந்தது. ஹலீம் எழுந்து நின்றார். மரண லீவு போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் ஹலீம் நானா," என்றாள் ஞானேஸ்வரி. "வாய்க்கரிசி போட்டிட்டுத்தான் வாறன்."

ஹலீம் அந்த அரிசியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்த நேரத்தைப் பதிந்தார்.