ஞாயிற்றுக்கிழமைப் படம்

மில் தொழிலாளி வெள்ளைத்தாயின் சேலையில் அனுசியா மைக்கைக் குத்தினாள். ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த நூற்பாலையின் மேனேஜர் இருளப்பசாமி கேமராவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அனுசியாவுக்குச் செய்தித் தொழிலில் இது பதினோராவது வருடம். மதுரையில் நாளிதழ் நிருபர், சென்னையில் டிவி, பிறகு எழுத்து, கேமரா, எடிட்டிங் மூன்றையும் ஒரே ஆளாகப் பார்க்கவேண்டிய இணையச் சேனல். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் அதே சேனலுக்கு மாவட்டச் செய்தியாளராகிச் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டாள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மில் பெண்களின் வீடுகளுக்குப் போய், தனக்கென்று ஓர் ஆவணப்படம் எடுத்துவந்தாள். மெஷினில் இரண்டு விரல் போன கதையையும், சொந்த அஜாக்கிரதை என்று மில்லில் தன்னிடம் கையெழுத்து வாங்கியதையும் வெள்ளைத்தாய் சொன்ன நாற்பது நிமிடம்தான் அதன் உயிர்.

இப்போது அந்த மில்லிடமே காசு வாங்கிக்கொண்டு சேனல் எடுக்கும் விளம்பரப் படம். "ஒங்களால முடியலைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன். இதுக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும்" என்று சென்னையிலிருந்து சேனல் ஆசிரியர் சொல்லிவிட்டார். முடியும் என்றாள்.

"கைய மடியிலயே வச்சுக்கோ" என்றார் இருளப்பசாமி.

வெள்ளைத்தாய் முந்தானையால் இடது கையை மூடினாள். அவள் முணுமுணுத்தது அனுசியாவின் ஹெட்போனில் மட்டும் கேட்டது.

"நான் ஒங்கிட்ட சொன்னத இவியகிட்ட சொல்லிட்டியா தாயி?"

அனுசியா இல்லையென்று தலையாட்டினாள்.

"பொறவு எதுக்கு என்னையக் கூப்பிட்டாவ?"

இருளப்பசாமி எதையோ ஊகித்தவர்போல் சிரித்தார். "ஞாயித்துக்கெழம படம் எடுக்கீங்களாமே, தெரியும் மேடம். அது வரட்டும். இதுவும் இருக்கும்ல? ரெண்டுலயும் ஒரே மொகம், ரெண்டையும் எடுத்தது நீங்க. எதை நம்புவாங்க?"

மைக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனால், நாளை வேறொருவன் இதே நாற்காலியில் வெள்ளைத்தாயை உட்காரவைப்பான். இல்லையென்றால் அவளுக்கும் வேலை போகும். அனுசியா ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாள்.

"எங்களப் பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கிறாவ" என்றாள் வெள்ளைத்தாய், ஒரு தடவைகூடத் திக்காமல். முடித்துவிட்டு, "சரியா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சுக்கா."

ஷிப்ட் முடியும் காட்சி ஒன்று பாக்கி இருந்தது. கேமராவை வாசலுக்குக் கொண்டுபோனாள். சங்கு ஊதியது. தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அனுசியா சாப்பிட்டிருக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நிற்பது யாரென்று தெரிந்ததும் முன்னால் வந்தவள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்தவளும். ஒவ்வொருவராக மூடிக்கொண்டு, அவளைத் தாண்டிப் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள்.