பறக்கிறவனோடு பேச்சு

இங்கே பேச ஆளில்லை என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி காவ்யஸ்ரீ மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒத்தக்கடையில் வீடு வாங்கியது என் யோசனை. இந்தத் தெருவில் சௌராஷ்டிரம் பேசுகிற வீடு எங்களுடையது மட்டும்தான். அதற்காகக் கோபித்துக்கொண்டு போவதா? அப்படியென்றால் நான் ஆளில்லையா? எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. ஒரே பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். பொங்கலுக்கு முன்னால் போனவள் வரவில்லை, சித்திரைத் திருவிழாவே முடிந்துவிட்டது.

வீம்புக்கு டிவியில் ஆடுகிற ஒரு வீடியோ கேம் வாங்கினேன். முகமூடி போட்ட ஒருத்தன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுகிற கதை. சும்மா சொல்லக் கூடாது, செய்தவர்கள் ரசித்துச் செய்திருக்கிறார்கள். மழை பெய்தால் அவன் அங்கி நனைந்து கனக்கிறது, பறப்பதும் மெதுவாகிறது. தாழ்வாகப் போனால் மாடியில் காயும் துணிகள் படபடக்கின்றன. வில்லனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டு வெறுமனே பறந்துகொண்டே இருப்பேன். மனசு லேசாகிவிடும்.

நான் கையை எடுத்துவிட்டால் அவன் ஏதாவது மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டுவான். அடுத்து எங்கே போகலாம் என்று இங்கிலீஷில் தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். நான் பதில் சொல்வேன். வீட்டுக்குள் வாயைத் திறந்தால் எனக்கு எங்கள் பாஷைதான் வரும். திட்டுவேன், பாராட்டுவேன், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு இசைவாணி அக்கா மல்லிகைச் சரத்தோடு வாசலில் நின்றார்.

"காவ்யா வந்துருச்சா தம்பி? ரெண்டு நாளா உங்க பாஷைச் சத்தம் கேக்குது. பூக் கட்டுனேன், அதுக்கும் கொஞ்சம் கொண்டாந்தேன்."

அது கேம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"காவ்யா இல்லாட்டி நீங்க யாருகிட்டத்தான் அந்தப் பாஷையில பேசப் போறீங்க," என்று சிரித்தார்.

"குளிச்சுக்கிட்டு இருக்காக்கா," என்றேன்.

"சரி, சாயங்காலம் வாரேன்." பூவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே டிவியில் அவன் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். எங்கே போகலாம் என்று கேட்டான். எனக்கு அழுகை வந்தது. டிவியை அணைத்துவிட்டுக் காவ்யஸ்ரீயைக் கூப்பிட்டேன்.

எடுத்தாள். நீ வந்துவிட்டாய் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா பூக் கொடுத்திருக்கிறார் என்று எங்கள் பாஷையில் சொன்னேன். குளிக்கிறாய் என்று சொல்லிவிட்டேன், அக்கா சாயங்காலம் மறுபடி வருகிறார் என்றும் சொன்னேன்.

"ஈரத்துணியில் சுற்றி வை, வாடிவிடும்," என்றாள்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

போனை வைக்காமலேயே துணி நனைக்கப் போனேன்.