பின்னால் கட்டும் பெயர்

பிறந்ததும் பின்னால் கட்டுவார்கள். இறந்ததும் கல்லில் வெட்டுவார்கள். நாம் அதைச் சுமக்கிறோம். அது நம்மைப் பிடித்துவைத்திருக்கிறது. அது என்ன? யோசித்துச் சொல்லுங்கள், குழந்தைகளே.

குடும்பப் பெயர்தான். நாங்கள் குடியிருக்கும் இத்தாலிய மலையூரில், அது இல்லாதவர்களைக் காற்று கொண்டுபோய்விடும்.

இங்கே எல்லோருக்கும் பியெத்ரதோர்மா என்ற ஒரே குடும்பப் பெயர். முதலில் குடியேறியவர்கள் காற்றில் பறந்துகொண்டே இருந்ததால், ஒரு கல்தச்சர் அந்தப் பெயரைக் கனமாகச் செய்து தன் மனைவியின் இடுப்பில் கட்டினார். அவள் நின்றாள். அதில் ஒரு துண்டைக் கிள்ளி ஈரத்துணியால் மூடிவைத்தால், விடிவதற்குள் இன்னொரு முழுப் பெயராகிவிடும். அப்படித்தான் அது மலை முழுக்கப் பரவியது. கீழே கடற்கரை ஊர்களில் காற்று குறைவு. அங்கே மெல்லிய பெயர்களே போதும்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும். என் அப்பா காலமாகிவிட்டதால் அவர் பெயர் முழுவதும் எனக்கே கிடைத்தது. அதை வைத்துத்தான் சலவைக்கூடத்துக்கு நடந்து போய்வருகிறேன். என் கணவர் குகதாசனின் அப்பா ஊரில் உயிரோடு இருக்கிறார். அவர் பெயர் அவருக்கு வேண்டும். ஆகவே கணவர் தன் சொந்தப் பெயரை மட்டும் வைத்துச் சமாளித்தார். மகள் ஆரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

இப்போது அவள் முதல் வகுப்பில் சேரவேண்டும். பள்ளி பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. நகராட்சியில் பெயர் கட்டிவிடும் ரோசல்பா, புதுப் பெயர் ஒன்றுடன் பாலத்தடியில் காத்திருந்தாள்.

“கட்டட்டுமா?” என்றாள்.

“வேண்டாம். என்ர பிள்ளைக்கு என்ர பேர்தான். அதுவும் முன்னுக்குத்தான்,” என்றார் கணவர்.

“முன்னால் கட்டினால் குப்புற விழுவாள்.”

“எங்கட ஆக்கள் ஒருத்தரும் விழேல்லை.”

“இந்த மனுசனோட கதைச்சு வேலையில்லை,” என்றேன் நான்.

அவர் தன் பெயரைக் கழற்றி ஆரணிக்கு முன்னால் கட்டினார். அவள் காற்றை முட்டிக்கொண்டு நேராக நடந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தபடி போனார். பாதிப் பாலத்தில் அவர் கால்கள் மேலெழுந்தன.

“அப்பா, உங்கட கால் எங்க?”

“கால் இருக்குது பிள்ளை. நிலம்தான் கீழ போயிட்டுது.”

“பேரைத் திருப்பித் தரட்டே?”

“குடுத்தது குடுத்ததுதான். நீ பள்ளிக்கு நட.”

பள்ளி மணி அடித்தது. அவர் பிடி நழுவி, அவருடைய ஒரு விரல் மட்டும் அவள் பிடியில் மிஞ்சியது. நானும் ரோசல்பாவும் ஓடிப்போய்ச் சேர்ந்தோம். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆரணி ரோசல்பாவிடமிருந்து புதுப் பெயரை வாங்கி, அப்பாவின் இடுப்புக்குப் பின்னால் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டாள். அவர் இறங்கி நின்றார்.

“அவிழ் பிள்ளை.”

“கட்டினது கட்டினதுதான்.”

ரோசல்பா முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஆரணியிடம், “எங்கள் ஊர் வழக்கப்படி, வீட்டில் கட்டிவிட்டவர்தான் மூத்தவர். இவர் இனி உனக்கு மகனா, தம்பியா?” என்று கேட்டாள்.

“மகனெண்டால் நான்தான் சோறு தீத்தோணும்,” என்றாள் ஆரணி. தம்பி என்று தீர்மானித்து, அவரை முதல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.