அண்டாவில் வாய் வைத்த மான்

1975ஆம் வருஷக் கோடையில் கிண்டி மான் காட்டின் குளங்கள் வற்றிப்போயின. முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் மழையில்லாமல் ஏமாற்றிவிட்டன. சித்திரை முடிவதற்குள் பெரிய குளத்தின் தரை பாளம் பாளமாக வெடித்து, நடுவில் ஒரு வேட்டி அகலத்துக்குக் கலங்கல் மட்டும் மிஞ்சியது. வாட்சர் பொன்ராஜ் தினமும் காலையில் போய் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வாரத்தில் அதுவும் போயிற்று.

பொன்ராஜின் ஊர் திசையன்விளை. காட்டிலாகாவில் சேர்ந்து கிண்டிக்கு வந்து ஒன்பது வருஷம். இந்தக் காட்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கட்டடங்களுக்கு அளந்து கொடுத்தாயிற்று. மிஞ்சியதற்குள் மான்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. வேட்டையாடினால் ஜெயில் என்று புதிதாகச் சட்டம் வந்தபோது பொன்ராஜ் சந்தோஷப்பட்டார், இனிமேல் கவலையில்லை என்று. அந்த மே மாதத்தில் மட்டும் ஏழு புள்ளிமான்களை அவரே குழி வெட்டிப் புதைத்தார். ஒன்றின் உடம்பிலும் காயமில்லை. எல்லாம் தண்ணீர் இல்லாமல் செத்தவை.

கோட்டூர்ப் பக்கம் சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அதற்கு எதிரில்தான் விடிகாலையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். ஒருநாள் அங்கிருந்து பெரும் கூச்சல் கேட்டது. பொன்ராஜ் ஓடினார்.

லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையின் நடுவில் ஒரு பெண்மான் நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். இத்தனை பேர் சுற்றி நின்றும் அது தலை தூக்கவில்லை. ஒரு பித்தளை அண்டாவுக்குள் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தது. கைலி கட்டிய ஒருவன் கயிற்றில் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் மானுக்கும் நடுவே ஒரு அம்மாள் அண்டா மூடியைக் கையில் ஓங்கிக்கொண்டு நின்றாள். காலையில் தெருமுனையில் இடியாப்பம் விற்கும் அமீனா பீ; அண்டா அவளுடையது.

"யார்னா கிட்ட வந்தீங்கோ, மண்டை பொளந்துடும்!"

"இன்னாமே, கறி தானா வந்து நிக்குது, வுட சொல்றியா?" என்றான் கயிற்றுக்காரன்.

"தாகத்துக்கு வந்து நிக்குதுடா. ஒன் வூட்டுக்கு யார்னா தண்ணி கேட்டு வந்தா கய்த்துல சுருக்குப் போடுவியா?"

பொன்ராஜின் காக்கிச் சட்டையைக் கண்டதும் அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நழுவினான். மான் குடித்து முடித்து, முகத்தை உதறி, சுவர் இடுக்கு வழியாகக் காட்டுக்குள் போய்விட்டது. அண்டாவில் பாதிதான் மீதி. வரிசையில் அமீனா பீயின் முறை முடிந்துவிட்டது, லாரியும் காலி. மான் வாய் வைத்த தண்ணீரில் இனி மாவு பிசைய முடியாது.

"எங்க காட்டு மான் உங்க பொழைப்பக் கெடுத்துட்டுதேம்மா," என்றார் பொன்ராஜ். அவருக்கு அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஒரு நாளு யாவாரம் இல்லாங்காட்டி செத்தா பூடுவேன்? வாட்சரே, உள்ள இன்னும் எத்தினி கீது?"

"முன்னூறு நானூறு இருக்கும்மா."

அமீனா பீ அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். "அந்தாண்ட புடி. மிச்சத்தையும் அதுங்களுக்கே ஊத்தலாம்."

இருவருமாகத் தூக்கிப் போய், சுவருக்கு உட்பக்கம் கிடந்த பழைய சிமெண்டுத் தொட்டியில் ஊற்றினார்கள். பொன்ராஜ் மரத்தடியில் ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு மான்கள் வந்தன. பிறகு ஐந்து. ஒரு மாதமாக அவர் சாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அமீனா பீ தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு ஊற்றினாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் ஒரு சொம்பு. நான்காம் நாள் வரிசையில் வந்த பெண்களில் பாதிப் பேர் சுவர் வரை போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். லாரி டிரைவர் கபாலி இதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தான். அதற்கடுத்த நாள், எல்லாரும் பிடித்து முடித்ததும், லாரியைப் பின்னுக்கு எடுத்து டேங்கின் அடியில் தேங்கியதைத் தொட்டியில் திறந்துவிட்டான்.

"அடித்தண்ணி, நைனா. துரு கலந்து கீது. மான்ங்கோ கோச்சுக்குமா?"

"கோவிச்சுக்கிடாது," என்றார் பொன்ராஜ். பதினாறு நாள் அவர் குழி வெட்டவில்லை.

பதினேழாம் நாள் லாரியில் வேறு டிரைவர் இருந்தான். மனிதனுக்கே தண்ணீரில்லாதபோது மிருகத்துக்கு ஊற்றுகிறார்கள் என்று யாரோ மனு எழுதிப் போட, கபாலியை மயிலாப்பூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். மனுவின் நகல் காட்டிலாகாவுக்கும் வந்திருந்தது. ரேஞ்சர் பொன்ராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

"யார் யார்ய்யா ஊத்தினாங்க? பேரைச் சொல்லு."

பொன்ராஜ் வழி நெடுக யோசித்து வைத்திருந்தார். "நாந்தான்யா. லாரியில நானே திறந்துக்கிட்டேன். வேற யாருக்கும் சம்பந்தமில்ல."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

தெரியும். ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும் அவர் அனுப்பும் சம்பளத்தில்தான் இருந்தார்கள்.

அப்போது வெளியே குடங்கள் மோதும் சத்தம். மனு விஷயத்தைக் கபாலி அவர்களுக்குச் சொல்லிவிட்டிருக்கிறான். அமீனா பீ முன்னால், பின்னால் பதினொரு பெண்கள்; லாரிக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தார்கள்.

"அந்த மன்சன் பொய் சொல்றாரு சாரே," என்றாள் அமீனா பீ. "ஊத்துனது நாங்கோ. எங்களுக்கு வுட்ட பங்குலேந்து ஊத்துனோம். எங்க வூட்டு சோத்துல காக்காய்க்கு வெக்கிறதுக்கு யார்னா மனு போடுவாங்களா? பேரு எய்திக்கோ. அமீனா பீ. அடுத்து காமாக்ஷி. இரு, எல்லாரும் சொல்வாங்கோ."

ரேஞ்சர் பேனாவைத் திறக்கவில்லை. பெண்களையும் பொன்ராஜையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "தொட்டிக்கு எத்தனை மான் வருது?" என்று கேட்டார்.

"நேத்து நூத்திப்பத்து எண்ணினேன்யா. முறுக்குக் கொம்பு வெளிமானும் நாலு வந்துச்சு."

அவர் மனுவை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். மறு வாரம் இலாகா செலவில் வாரத்துக்கு மூன்று நடை தண்ணீர் லாரி காட்டுக்குள்ளேயே வந்தது, தொட்டிகள் ஐந்தாயின. மேலிடத்தில் அவர் எப்படிக் கேட்டு வாங்கினார் என்பது பொன்ராஜுக்குத் தெரியாது. அந்த உத்தரவைப் படித்துக் காட்டியபோது அவர் ரேஞ்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னை ஏன்யா கும்பிடுறே?" என்றார் ரேஞ்சர்.

ஆடியில் சில நாள் நல்ல மழை. ஐப்பசியில் பெரிய குளம் நிரம்பியது. சுவரை அடைக்கக் கொத்தனார்கள் வந்த அன்று பொன்ராஜ் கேட்டு அனுமதி வாங்கி, அந்தப் பன்னிரண்டு பெண்களையும் உள்ளே அழைத்துப் போனார். கபாலியும் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வந்துவிட்டான். இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தும் அவர்களில் ஒருவரும் காட்டுக்குள் கால் வைத்ததில்லை.

குளத்தின் எதிர்க்கரையில் மான் கூட்டம் நின்றது. தாய்களின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள்.

"அம்மா," என்றார் பொன்ராஜ். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "நீங்க இல்லேன்னா இதுகள்ல பாதி இல்லம்மா. நானும் இங்க நிக்கமாட்டேன்."

அமீனா பீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அளப்பதுபோல் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும், வாட்சரே. இவ்ளோ தண்ணி கீதே. எங்களுக்கு ஆளுக்கு ஒரு கொடம் குடுப்பியா?"

கபாலிதான் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு மான்கள் காது நிமிர்த்தின, ஆனால் ஓடவில்லை.

"மான்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்," என்றார் பொன்ராஜ்.